ஏறுறவனுக்கு பிரேக்கு எதுக்கு

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டு, "என்னய்யா, செத்துப்போன மனுஷனைப் பற்றி இப்படி உருகிவிட்டாய்" என்று யாரும் என்னிடம் வரக்கூடாது. செஞ்சியில் எங்கள் மாதா கோயில் தெருவில் அவரைப் பிடித்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி அவர் மனைவி மேரி அக்கா. இன்னொருத்தன் அக்காவின் தம்பி சின்னப்பன். அவருக்குக் கோர்ட்டில் உத்தியோகம். ஊர் ஊராகச் சைக்கிளில் போய் சம்மன் கொடுப்பது. சம்மன்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவர் சைக்கிள் ஒரு ஊருக்குள் நுழைந்தால் கிணற்றடியில் பேச்சு நின்றுவிடும். யார் வீட்டு வாசலில் ஸ்டாண்டு போடப்போகிறாரோ என்று ஒவ்வொருத்தரும் தங்கள் வீட்டையே பார்ப்பார்கள்.

அவர் முகத்தைவிட முதுகுதான் ஊருக்குப் பழக்கம். காக்கிச் சட்டை, நடுவில் வேர்வைத் திட்டு, விறைத்த கழுத்து. சம்மனைக் கொடுப்பார். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டுவார். பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். பனமலையில் ஒருமுறை ஒரு கிழவி அவர் பின்னாலேயே ஏரிக்கரை வரைக்கும் ஓடியிருக்கிறாள். "நிலத்தைப் புடுங்கிக்கினா நாங்க இன்னாத்தடா திங்கிறது, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடா" என்று மண்ணை வாரி வாரி எறிந்திருக்கிறாள். மண் முதுகில் விழுந்துகொண்டே இருந்ததாம். மனுஷர் மிதித்துக்கொண்டே இருந்தாராம். அந்த மண்ணோடுதான் அன்றைக்குத் தெருவுக்குள் வந்தார், நானே பார்த்தேன்.

"ஏண்ணா, ஒரு தடவை திரும்பித்தான் பாத்தா இன்னா?" என்று கேட்டேன்.

"திரும்பிப் பாத்தா ஹேண்டில் வளையும்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சிரிக்காத. போய் ஓட்டிப் பாரு. தலை எந்தப் பக்கம் திரும்புதோ, கை அந்தப் பக்கம் இழுக்கும். நேரா போவணும்னா நேரா பாக்கணும்" என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று சாயங்காலமே ஓட்டிப் பார்த்தேன். மனுஷர் சொன்னது சரிதான். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சைக்கிள் என்றால் அவருக்குப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கறிக்கடைக்குப் போவார்கள். அவர் வாசலில் சாக்கை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிடுவார். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார். சக்கர அச்சிலிருந்து பால்ரஸ் குண்டுகளை ஒரு கிண்ணத்தில் கொட்டி, பழந்துணியில் ஒவ்வொன்றாக உருட்டித் துடைப்பார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, எங்கே நெளிந்திருக்கிறது என்று பெண்டு பார்ப்பார். அடுப்புக்கே மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் அது. மேரி அக்கா வாசற்படியில் நின்று கத்துவாள்: "ரேஷன்ல நிண்ணு வாங்கியாந்தது நானு. குளிக்கிறது உங்க செயினா?" அவர் நிமிரக்கூட மாட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போவாள். ஆனால் அடுத்த வாரமும் ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயை அவளே எடுத்துவைப்பாள். அவளுக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம். எதைக் கண்டு பிரியம் வைத்தாளோ, அந்த ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நான் வேறு யாரிடமும் அதைப் பார்த்ததில்லை. மேடு தொடங்குகிற இடத்தில் இறங்கி, சட்டைப்பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, முன்னும் பின்னும் பிரேக்கு நட்டைத் தளர்த்திவிடுவார். பிரேக்குக் கட்டை இரண்டும் ரிம்மைத் தொடாமல் விலகித் தொங்கும். கல்லு ரோட்டில் ஓடி ஓடி எந்தச் சைக்கிள் சக்கரத்திலும் கொஞ்சம் நெளிவு இருக்கும். அந்த நெளிவு சுற்றுக்கு ஒருமுறை கட்டையில் உரசும். சமதரையில் அது தெரியாது. மேட்டில் உரசினால் பாதி மூச்சை அது தின்றுவிடும் என்பார். மேடு முடிந்ததும் மறுபடி இறங்கி நட்டை முடுக்குவார். பிறகுதான் இறக்கத்தில் விடுவார்.

"பிரேக்கு இல்லாம எப்பிடிண்ணா?" என்று முதல் தடவை கேட்டபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏறுறவனுக்கு பிரேக்கு எதுக்கு?" என்றார். பிறகு அதே வார்த்தையை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

சின்னப்பன் கதைக்கு வருகிறேன். அவனும் நானும் ஒரே வயசு, ஒரே கடலை மில்லில் வேலை. கடலைத் தோல் தூசியில் நாள் முழுக்கத் தும்முவோம். தடித்த உடம்புக்காரன், எதிலும் மெதுவு, எதற்கும் சிரிப்பு. அவனுக்கு அக்கா என்றால் உயிர். அப்பா அம்மா போனபிறகு அவனை வளர்த்தது அவள்தான். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் பிள்ளை தங்கவில்லை. இரண்டு தடவை உண்டாகி இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. இரண்டாவது தடவைக்குப் பிறகு அவள் பல நாள் கோயிலுக்கே வரவில்லை. அப்போது சின்னப்பன் ஒரு நேர்ச்சை செய்துகொண்டான். சேலத்துப் பக்கம் மலைமேல் மாதாவுக்குக் குகைபோலக் கட்டின கெபி ஒன்று இருக்கிறது. அங்கே சைக்கிளிலேயே வருகிறேன், காலில் செருப்பில்லாமல் வருகிறேன், வழியில் எந்த மேட்டிலும் இறங்கித் தள்ளமாட்டேன், என் அக்காவுக்கு ஒரு பிள்ளையைக் கொடு தாயே என்று.

"டேய், உன் உடம்புக்கு மேட்டுல இறங்காம எப்பிடிடா?" என்றேன்.

"மெதுவா போவேன். மெதுவா போனா மாதா வேணாம்னுடுமா?" என்று சிரித்தான்.

சம்மன்காரருக்கு நேர்ச்சை, மாதா எதிலும் பெரிய பிடிப்பு கிடையாது. ஆனால் மலைமேல் வளைவு வளைவாகத் தார் ரோடு இருக்கிறது என்று கேட்டதும் கண் விரிந்துவிட்டது. "நானும் வர்றேன் மச்சான்" என்றார். இரண்டு பேர் போனால் சண்டை வரும், மூன்றாவதாக ஒருத்தன் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோடை முழுக்க அவர் எங்களைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமல்ல. கேரியரில் மணல் மூட்டையைக் கட்டிவிட்டு மேல்மலையனூர் வரை ஓட்டச் சொல்வார். தொடை இடுக்கில் தேங்காயெண்ணெய் தடவு, தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்காதே, வாய் நனைகிற அளவு குடி, பசிக்கிறதுக்கு முன்னாலேயே ஒரு கடலையுருண்டை தின்னு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். திருவண்ணாமலை ரோட்டில் கோட்டைக்கு அந்தப்புறம் ஒரு மேடு உண்டு. அங்கே நிறுத்தி மூன்று சைக்கிளின் பிரேக்கையும் அவரே தளர்த்துவார். மேடு சின்னது. மூன்று பேரும் முன்பின்னாக ஏறிவிடுவோம். மேலே மூன்று சைக்கிளுக்கும் அவரே முடுக்குவார். ஸ்பானரை எங்களிடம் கொடுக்கமாட்டார். "ஆளாளுக்குத் திருகினா மரை போயிடும். ஒரு ஸ்பானரு போதும். சொம்மா இரும்பைத் தூக்கிகினு மலை ஏறுவானா ஒருத்தன்?" என்பார்.

ஒருநாள் அவர் முடுக்குவதற்குள் சின்னப்பன் விளையாட்டாக இறக்கத்தில் விட்டுவிட்டான். நான் கத்தினேன். அவன் கவலையே படவில்லை. வலது காலைத் தூக்கி முன்சக்கர டயரில் செருப்பை வைத்து அழுத்தினான். கிரீச்சென்று ரப்பர் நாற்றம் அடிக்க, அடிவாரத்தில் போய் நின்றான். "என் பிரேக்கு எங்கால்ல இருக்குது மாமா" என்று கீழேயிருந்து கத்தினான். சம்மன்காரர்கூட அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தார்.

புறப்பட்ட அன்று விடியலில் மேரி அக்கா மூன்று பேருக்கும் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். தம்பியின் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறி, ஒரு மாதிரி சோர்ந்திருந்தாள். ஏதோ சொல்ல வந்து இரண்டு தடவை நிறுத்திக்கொண்டாள். கடைசியில் புருஷனிடம் சொன்னாள்:

"அவன் மெதுவா வருவான். நீங்க பாட்டுக்கு போயிடாதீங்க. அப்பப்ப திரும்பிப் பாருங்க."

"திரும்பிப் பாத்தா ஹேண்டில் வளையும்."

"வளையட்டும். எனக்கு அவன் ஒருத்தன்தான்."

அவர் பெடலில் காலை வைத்துவிட்டார். சின்னப்பன்தான் அக்கா கன்னத்தைக் கிள்ளி, "வரும்போது உம் புள்ளைக்குக் கிலுகிலுப்பை வாங்கியாறேன்" என்றான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செங்கம் தாண்டியதும் ரோடு மலை இடுக்கில் ஏறத் தொடங்கும். அந்த அடிவாரத்துக்குப் போகும்போதே என் சைக்கிளில் பெடல் தண்டைப் பிடித்திருக்கிற காட்டர் பின் உடைந்தது. பெடல் லொடலொடவென்று ஆடியது. சம்மன்காரர் கல்லால் தட்டிப் பார்த்தார், உதடு பிதுக்கினார். "ஆவாது. லாரி ஏதாச்சும் வந்தா ஏறிக்க. கணவாய்க்கு அந்தாண்ட சைக்கிள் கடை இருக்குது. பின்னு போட்டுகினு அங்கியே நில்லு" என்றார். பிறகு குனிந்து அவர் சைக்கிளுக்கும் சின்னப்பன் சைக்கிளுக்கும் பிரேக்கைத் தளர்த்தினார். வைக்கோல் லாரி ஒன்று நின்றது. நான் ஏறும்போது சின்னப்பன் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எனக்குக் கை காட்டினான்.

லாரியின் மேலிருந்து அந்த ரோட்டைப் பார்த்தேன். எங்கள் ஊர் மேடு இதற்குக் கால்தூசி பெறாது. ஏறி ஏறி, ஏறிக்கொண்டே இருந்தது. உச்சி என்று தனியாக நின்று மூச்சுவிட ஓர் இடம் கிடையாது. புளியமரத்தை ஒட்டி ஒரு வளைவு. அதுவரை ஏறிய ரோடு அந்த வளைவிலேயே சட்டென்று கீழே சரிகிறது. தலையைத் தொங்கப்போட்டு மிதித்து வருகிறவனுக்கு இறக்கம் வந்ததே தெரியாது. இறங்கி நடந்து வந்திருக்கலாமே என்று பிற்பாடு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டார்கள். அந்த வளைவைப் பார்க்காதவன்தான் அப்படிக் கேட்பான்.

நான் பின் மாட்டிக்கொண்டு, கடைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறிவிட்டது. ரொம்ப நேரம் கழித்துச் சம்மன்காரர் இறக்கத்தில் வந்தார். முதுகு நிமிர்ந்து, பிரேக்கைப் பதமாகப் பிடித்து, அழகாக வந்து நின்றார். முகம் பூராவும் சந்தோஷம். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"இன்னா மேடுடா தம்பி! கால் ஊனலியே!" என்றார்.

"சின்னப்பன் எங்கண்ணா?"

"பின்னால வர்றான்."

"மேல அவனுக்காக நிக்கலியா?"

"மெதுவா வருவான். நீதான் பாத்திருக்கியே."

"அப்ப அவன் பிரேக்கு?"

அவர் டீக்குக் கை நீட்டியிருந்தார். அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு மெல்லத் தன் சட்டைப்பைக்குப் போனது. ஸ்பானரை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அத்தனை வருஷம் சம்மன் கட்டோடு தனியாகவே போய் வந்த மனுஷர். மேடு முடிந்ததும் அந்தக் கை பழகினபடியே ஒரு சைக்கிளுக்கு முடுக்கிவிட்டு வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. நான் இதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். நான் அறிந்து அவர் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ரோட்டில் யாரும் இல்லை. பெல் சத்தம்தான் முதலில் வந்தது. விட்டு விட்டு அடிக்கிற பெல் இல்லை அது. விடாமல் அடிக்கிற பெல். மலைக்குப் பின்னால் கேட்டது, நின்றது, இன்னும் கிட்டத்தில் கேட்டது. சம்மன்காரர் மேட்டைப் பார்த்து ஓடினார். "மச்சான், மலைப்பக்கம் சாய்! மச்சான், மண்ணுல வுடு!" என்று கத்திக்கொண்டே ஓடினார். கடைசி வளைவில் சின்னப்பன் தெரிந்தான். இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்துக்கொண்டு வந்தான். எதிரே புளி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஏறியது. அவன் வண்டிக்காரனுக்கும் மாட்டுக்கும் ஒதுங்கி ஹேண்டிலை ஒடித்தான். மதகுச் சுவர் இருந்தது அந்தப் பக்கம்தான்.

நாங்கள் போவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குமேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

போலீஸ் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். உடம்பை லாரியில் கொண்டுவந்தோம். வழி முழுக்க அவன் தலை சம்மன்காரரின் மடியில் இருந்தது. நான் வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

வீட்டில் மேரி அக்கா அழவில்லை. தம்பியைக் குளிப்பாட்ட யாரையும் விடாமல் அவளே குளிப்பாட்டினாள். கால் பக்கம் வந்ததும் நிறுத்தினாள். இரண்டு உள்ளங்காலிலும் தோல் இல்லை.

"இவங்காலுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

தெருவே நின்றுகொண்டிருந்தது. நான் ஏதாவது சொல்லி மழுப்பிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"பிரேக்கு இல்ல. நான்தான் தளத்தி வுட்டேன். மேல போயி முடுக்கல. செருப்பு இருந்திருந்தா டயர்ல வெச்சு நிறுத்தியிருப்பான். அதுவும் இல்ல. காலால நிறுத்தப் பாத்திருக்கான்."

"நீங்க திரும்பிப் பாக்கலியா?"

"பாக்கல."

அவ்வளவுதான். அக்கா மறுபடி குனிந்து அந்தக் கால்களைத் துடைத்தாள். அதன்பிறகு அவள் அவரோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. சோறு ஆகிவிட்டால் சுவரைப் பார்த்து, "சோறு ஆயிட்டுது" என்பாள். அவர் தானே போட்டுத் தின்பார். அவர் அப்படி வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னாரே, அதற்காக மட்டும் அன்றைக்கு அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. அதையும் சொல்லாமல் இருந்தால் தப்பு.

கொடுமை அதோடு முடியவில்லை. கல்லறைக்குப் போய்வந்த சில நாளில் அக்கா வாந்தி எடுத்தாள். நாங்கள் புறப்பட்ட அன்றே அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. முன்னே இரண்டு தடவை சொல்லி இரண்டு தடவையும் தங்காமல் போனதால், இந்தத் தடவை யாரிடமும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். "நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் போயிருக்க மாட்டான்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். கேட்கப் போன வரம் கேட்பதற்கு முன்னாலேயே அவள் வயிற்றில் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மாதாமேல் கோபம் வரும். வந்து என்ன செய்ய?

பெண்குழந்தை பிறந்தது. நல்லபடியாகப் பிழைத்துக்கொண்டது.

சம்மன்காரர் மறுபடி உத்தியோகத்துக்குப் போனார். சம்மன் கொடுத்தார், கதவில் ஒட்டினார். ஆனால் இப்போது திரும்பிப் பார்த்தார். நாலு மிதி மிதிப்பார், தலை பின்னால் போகும். ஹேண்டில் வளையும். நிமிர்த்துவார், மறுபடி நாலு மிதி. சைக்கிள் தெருவில் நெளிந்து நெளிந்து போகும். "குடிச்சிட்டு ஓட்டுறாருடா சம்மன்காரரு" என்றார்கள் தெரியாதவர்கள். மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு குடியானவர் என்னிடமே சொன்னார்: "முன்னெல்லாம் குடுக்கிற வசவை வாங்கிகினு நேரா போவாரு. இப்ப திரும்பித் திரும்பிப் பாக்குறாரு. எங்களுக்குத் திட்டவே வாய் வரலீங்க." வேலியில் விழுந்தார், வாய்க்காலில் விழுந்தார். முன்பல் ஒன்று போயிற்று. சைக்கிளை மட்டும் பழையபடியே துடைத்தார். மேட்டில் பிரேக்கைத் தளர்த்துவதை விட்டுவிட்டார். சின்னப்பன் சைக்கிள் சுவரோரம் அப்படியே நின்றது, அதை அவர் தொடவில்லை.

பிள்ளை நடந்து பேச ஆரம்பித்ததும் முன்பாரில் ஒரு குட்டி சீட்டு வைத்து உட்காரவைத்தார். அதற்கு நைனாவோடு சைக்கிள் போவதென்றால் கொள்ளை ஆசை. அப்போதும் அவர் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தவில்லை. பிள்ளை முன்னால் இருக்கிறது, பின்னால் வெறும் கேரியர். இருந்தும் நாலு மிதிக்கு ஒருமுறை தலை பின்னால் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் மேரி அக்காவும் ரோட்டோரம் நடந்து வந்துகொண்டிருந்தோம். எதிர்ச்சாரியில் அவர் பிள்ளையை வைத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கமிருந்து வந்தார். திண்டிவனம் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் திரும்பினார். ஹேண்டில் ரோட்டுக்குள் இழுத்தது. பிள்ளை, "நைனா!" என்று வீறிட்டது. டிரைவர் எப்படி ஒடித்தாரோ தெரியாது, பஸ் உரசினாற்போல் போனது. அவர் இரண்டு காலையும் ஊன்றி நின்றார். நான் ஓடுவதற்குள் அக்கா ஓடிவிட்டாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஹேண்டிலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்:

"பின்னால யாரும் வரலீங்க. அவன் எப்பவோ போய்ச் சேந்துட்டான். முன்னால பாருங்க. புள்ள உக்காந்துகினு இருக்குது."

அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவள் அவரிடம் நேராகப் பேசிய பேச்சு அது. அவர் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். பிறகு சைக்கிளைவிட்டு இறங்கினார். எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன ஏற்றம் உண்டு. எந்த மேட்டிலும் கால் ஊனாத அந்த மனுஷர், பிள்ளையை சீட்டில் வைத்துக்கொண்டு, அந்தச் சின்ன ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கொஞ்ச தூரம் அவர் முன்னால் பார்த்தபடியே போனார். தெரு முனையில் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அக்கா வந்துகொண்டிருந்தாள்.